வாழ்ந்து கற்றதைக் கல்லூரி எடைபோடும் விதம்

1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரிலிருந்து ஒரு கையேடு வெளிவந்தது. வெளியிட்டது எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ். கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை நடத்திவந்த அதே நிறுவனம். ரூத் எக்ஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் எழுதிய அந்தக் கையேடு, இல்லத்தரசிகளுக்கும் ஊதியமின்றிப் பொதுத்தொண்டு செய்த பெண்களுக்கும் ஒரு வழி காட்டியது. வீட்டை நடத்தியும் சங்கம், பள்ளி, தேவாலயம் என்று உழைத்தும் அவர்கள் கற்றுக்கொண்டவற்றைக் கல்லூரியின் முன் வைத்து, பட்டப்படிப்புக்கான கிரெடிட் பெறுவது எப்படி என்பதே அதன் பொருள். நிர்வாகி, நிதி திரட்டுபவர், வரவுசெலவைக் கவனிப்பவர் என்று வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன திறன்கள் அடங்கியிருக்கின்றன என்று அது பட்டியல் போட்டுக் காட்டியது.

அந்தக் கையேட்டின் பின்னால் ஒரு பெரிய கேள்வி இருந்தது. ஒருவர் 20 ஆண்டுகள் வேலை செய்து கற்ற ஒன்றை, கல்லூரி ஒரு பருவம் வகுப்பு நடத்தி இன்னொருவருக்குக் கற்பிக்கிறது. இரண்டும் ஒரே அறிவு என்றால், முதலாமவர் ஏன் பணம் கட்டி அதே வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டும்? அமெரிக்கக் கல்லூரிகள் இந்தக் கேள்விக்குப் பல பத்தாண்டுகளாகப் பல வகையில் பதில் தேடிவருகின்றன. அவற்றுள் மிகக் கடினமானதும் மிக நேர்மையானதும் போர்ட்ஃபோலியோ முறை. மாணவர் தான் கற்றதை எழுதி, சான்றுகளோடு தொகுத்து, பேராசிரியர் ஒருவரின் பார்வைக்கு வைக்கும் முறை அது.

இதைப் புரிந்துகொள்ளக் கிரெடிட் என்ற அளவையின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1905இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு அறக்கட்டளை நிறுவினார். எந்தக் கல்லூரிக்கு ஓய்வூதியம் தருவது என்று முடிவு செய்ய, எது உண்மையான கல்லூரி என்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது 14 அலகுகள் படித்தவர்களையே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறக்கட்டளை நிபந்தனை போட்டது. ஒரு பாடத்தில் ஏறத்தாழ 120 மணி நேரம் உட்கார்ந்தால் ஓர் அலகு. கல்லூரிகளும் தங்கள் பாடங்களை இதே போல நேரத்தால் அளக்கத் தொடங்கின. வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுவதும் நடக்கும் வகுப்பு ஒரு கிரெடிட். வழக்கமான பாடத்துக்கு 3 கிரெடிட். இளங்கலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஓய்வூதியக் கணக்குக்காகப் பிறந்த இந்த அளவை நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தைச் சொல்லும். உட்கார்ந்தவர் என்ன கற்றார் என்பதை அது சொல்லாது.

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தவர்கள் போர்வீரர்கள். முதல் உலகப் போர் முடிந்தபோது, படையில் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காகப் பல கல்லூரிகள் வீரர்களுக்கு மொத்தமாகக் கிரெடிட் அள்ளிக் கொடுத்தன. அது கல்வியின் தரத்தைக் கெடுத்தது என்ற வருத்தம் பின்னர் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கல்வி மன்றம் அந்தத் தவறு திரும்ப நேராதபடி பார்த்துக்கொண்டது. ராணுவத்தின் ஒவ்வொரு பயிற்சியையும் தனித்தனியே ஆராய்ந்து, இந்தப் பயிற்சி இந்தப் பாடத்தில் இத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று பரிந்துரைக்கும் வழிகாட்டி நூலை உருவாக்கியது. முன்னாள் வீரர்களின் படிப்புச் செலவுக்கு உதவிய 1944ஆம் ஆண்டின் ஜி.ஐ. சட்டத்தால் ஏறத்தாழ 22 லட்சம் முன்னாள் வீரர்கள் கல்லூரிக்குள் வந்தார்கள். ரேடார் பழுதுபார்த்தவரும் கள மருத்துவமனையில் வேலை செய்தவரும் எதுவுமே அறியாத புதுமுகங்கள் அல்ல என்பதை வகுப்பறைகள் நேரில் கண்டன.

1974 முதல் கல்வி மன்றம் இதே சோதனையை நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிகளுக்கும் விரித்தது. மெக்டொனால்ட்ஸ் தன் மேலாளர்களுக்கு நடத்தும் பயிற்சிக்குக்கூடக் கிரெடிட் பரிந்துரை உண்டு. 1967இல் கல்லூரி வாரியம் தொடங்கிய கிளெப் தேர்வுகள் வேறு ஒரு வழி திறந்தன. எங்கே படித்தாய் என்ற கேள்வியே அங்கில்லை. ஒன்றரை மணி நேரத் தேர்வில் தேறினால் போதும்.

ராணுவப் பயிற்சிக்கு ராணுவமே ஆவணம் தரும், நிறுவனப் பயிற்சிக்கு நிறுவனம் தரும், கிளெப்புக்கு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. இவை எதிலும் அடங்காதவர்தான் மிச்சம். சிறு கடை நடத்தியவர், நோயாளியான தாயைப் பத்தாண்டு கவனித்தவர், குடியிருப்போர் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர், தானே புத்தகம் வாங்கிப் படித்து மின்னணுவியல் கற்றவர். இவர்களுக்காகச் சாட்சி சொல்ல எந்த நிறுவனமும் இல்லை. தங்களுக்குத் தாங்களேதான் சாட்சி. போர்ட்ஃபோலியோ பிறந்தது இவர்களுக்காக.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் இரண்டு துணிவான முயற்சிகள் நடந்தன. மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்த எர்னஸ்ட் போயர் 1971இல் எம்பயர் ஸ்டேட் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பெரிய வளாகம் இல்லை. நிலையான பாடத்திட்டம் இல்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு வழிகாட்டியோடு உட்கார்ந்து தன் படிப்பைத் தானே வகுத்துக்கொண்டார். முன்பே கற்றவையும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றன. அதே காலத்தில் மாநிலக் கல்வி ஆணையர் எவால்ட் நைக்விஸ்ட், வகுப்புகளே நடத்தாமல் அறிவைச் சோதித்துப் பட்டம் தரும் வெளிநிலைப் பட்டத் திட்டத்தை முன்னெடுத்தார். அதுவே பின்னாளில் எக்ஸெல்சியர் கல்லூரி ஆயிற்று. 1972இல் நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன் கல்லூரியும், 1973இல் கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக் கல்லூரியும் வந்தன. எடிசன் பெயரைத் தேர்ந்தது பொருத்தமே. பள்ளிக்கூடத்தில் சில மாதங்களே இருந்து, மீதி அனைத்தையும் தானே கற்றவர் அவர்.

கதவைத் திறந்தாகிவிட்டது. உள்ளே வருபவரை எப்படி மதிப்பிடுவது? 1974இல் கார்னகி நிதியுதவியோடு எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸில் ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மாரிஸ் கீட்டன் அதன் தலைமை. பின்பு அது கேல் என்ற தனி அமைப்பாக வளர்ந்து, இத்துறையின் விதிகளை வகுத்தது. விதிகளில் முதலாவது ஒரே வரிதான்: கிரெடிட் கற்றலுக்கு உரியது, அனுபவத்துக்கு அல்ல. இந்த முறையின் பலம் முழுவதும் இந்த வரியில் இருக்கிறது. இதைத் தளர்த்தும் கல்லூரி எதுவானாலும், முதல் உலகப் போருக்குப் பிறகு நேர்ந்த தவறுக்கே திரும்புகிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? குழந்தைகள் காப்பகம் ஒன்றைப் பத்தாண்டு நடத்திய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். குழந்தை வளர்ச்சி என்ற 3 கிரெடிட் பாடத்துக்கு அவர் உரிமை கோருகிறார். முதலில் அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தைப் படித்து, அதை முடித்தவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரி எழுதிவைத்திருப்பதைப் பட்டியலிட வேண்டும். பிறகு தன் வாழ்க்கையின் காலவரிசை; எங்கே, எப்போது, என்ன பொறுப்பு என்ற குறிப்பு. அதன்பின் மையப் பகுதியான கற்றல் கட்டுரை. கடைசியாகச் சான்றுகள்: அவர் தயாரித்த தினசரிச் செயல்திட்டங்கள், குழந்தைகளைக் கவனித்து எழுதிய குறிப்பேடுகள், உரிமச் சான்றிதழ், பயிலரங்குச் சான்றுகள், மேற்பார்வையாளரின் கடிதம். கடிதம் என்றால் இவர் நல்லவர், உழைப்பாளி என்று எழுதும் நற்சான்று அல்ல. இவருக்கு இன்னின்ன தெரியும், இன்னின்ன செய்வதை நான் நேரில் கண்டேன் என்று உறுதி சொல்லும் கடிதம்.

கட்டுரையில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: இரண்டு வயதுக் குழந்தைகள் பொம்மைக்குச் சண்டை போடுவார்கள், நான் பொறுமையாகச் சமாளித்தேன். இது அனுபவம். இதற்குக் கிரெடிட் இல்லை. அந்த வயதில் பகிர்தல் ஏன் இயலாது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடும் நிலையிலிருந்து சேர்ந்து விளையாடும் நிலைக்குக் குழந்தை எப்படி நகர்கிறது, அதை அறிந்த பின் ஒரே பொம்மையை இரண்டாக வாங்கிவைக்கும் முடிவுக்கு ஏன் வந்தார், அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை, உளவியலாளர் பியாஜே சொல்வதோடு அவர் கண்டது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்றெல்லாம் எழுதும்போதுதான் அது கற்றலாகிறது. டேவிட் கோல்ப் 1984இல் விளக்கிய அனுபவவழிக் கற்றல் சுழற்சியைப் பல கல்லூரிகள் இதற்குச் சட்டகமாகத் தருகின்றன. நடந்தது, அதைத் திரும்ப நினைத்தது, அதிலிருந்து பொதுவிதி கண்டது, அந்த விதியைப் புதிய இடத்தில் சோதித்தது என்ற நான்கு படிகள் அவை.

இதைத் தனியே உட்கார்ந்து செய்வது எளிதல்ல. வெர்மான்ட் மாநிலக் கல்லூரிகள் போர்ட்ஃபோலியோ தயாரிப்பையே ஒரு பருவ வகுப்பாக நடத்துகின்றன. பயன் கிரெடிட் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. தான் செய்த வேலையில் இவ்வளவு அறிவு இருந்ததா என்று ஒருவர் நடுவயதில் உணர்வது, படிப்பைத் தொடரும் துணிவை அவருக்குத் தருகிறது. இந்த முறையின் ஆதரவாளர்கள் பலரும் இதைத்தான் முதல் பயனாகச் சொல்கிறார்கள்.

தயாரான தொகுப்பை அந்தப் பாடத்தின் பேராசிரியர் படிக்கிறார். தேவைப்பட்டால் நேர்காணலும் உண்டு. முழுக் கிரெடிட் தரலாம், மறுக்கலாம், திருத்தி வரச் சொல்லலாம். பெரும்பாலான கல்லூரிகள் பாடத்துக்குப் பாடம் பொருத்திப் பார்க்கின்றன. எம்பயர் ஸ்டேட் போன்ற சில, மாணவரின் அறிவை அதன் இயல்பான வடிவத்திலேயே ஏற்று, அதற்குப் பொருத்தமான தலைப்பிட்டுக் கிரெடிட் தருகின்றன. இரண்டாவதே நியாயமானது. காப்பகம் நடத்தியவரின் அறிவு உளவியல், சத்துணவு, கணக்கு, சட்டம், ஊழியர் மேலாண்மை என்று துறை பிரிந்து வளர்ந்ததல்ல. ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தது. அதைப் பாடங்களாக வெட்டும்போது நடுவில் உள்ள நல்ல பகுதி எந்தப் பாடத்திலும் சேராமல் விழுந்துவிடுகிறது.

ஏமாற்று வேலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாழ்க்கை அனுபவத்துக்குப் பட்டம் என்ற சொற்றொடரைக் கேட்டாலே பலர் முகம் சுளிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 1980 முதல் பத்தாண்டுக்கு மேல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஆலன் எசெல் டிப்ஸ்கேம் என்ற நடவடிக்கையில் பட்டம் விற்கும் போலி நிறுவனங்களைத் தேடித்தேடி மூடினார். 2004இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் மூன்று போலிப் பள்ளிகளின் பதிவேடுகளை மட்டும் பார்த்தது. அவற்றில் 463 மத்திய அரசு ஊழியர்களின் பெயர்கள் இருந்தன. அதே ஆண்டு பென்சில்வேனியா மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம் டிரினிட்டி சதர்ன் என்ற பெயரில் இயங்கிய ஒரு போலிப் பல்கலைக்கழகத்துக்கு கோல்பி நோலன் என்ற பெயரில் விண்ணப்பம் அனுப்பியது. 299 டாலருக்கு இளங்கலை கேட்டார்கள். விண்ணப்பத்தில் சொன்ன அனுபவத்துக்கு எம்.பி.ஏ.வே தரலாம், கூடுதலாக 100 டாலர் கட்டினால் போதும் என்று பதில் வந்தது. கோல்பி நோலன் ஒரு பூனை. மாநிலம் வழக்குத் தொடுத்தது.

போலிக்கும் அசலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்வது கடினமல்ல. போலி நிறுவனம் எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு விலை சொல்லும். அசல் கல்லூரி என்ன தெரியும், எப்படித் தெரியும், காட்டுங்கள் என்று கேட்டுவிட்டு, கிடைக்காமலும் போகலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கும். முழுப் பட்டத்தையும் அது பொதுவாக இந்த வழியில் தருவதில்லை. பட்டத்தின் கால் பங்கு கிரெடிட்டையாவது பட்டம் வழங்கும் கல்லூரியிலேயே ஈட்ட வேண்டும் என்பது அமெரிக்காவின் அங்கீகார அமைப்புகள் பலவற்றின் விதி.

பலன் உண்டா? 2010இல் கேல் 48 கல்லூரிகளில் 62,475 மாணவர்களின் பதிவுகளை ஏழாண்டுக் கணக்கில் பார்த்தது. முன்கற்றலுக்குக் கிரெடிட் பெற்றவர்களில் 56 சதவீதம் பேர் பட்டமோ பட்டயமோ பெற்றார்கள்; பெறாதவர்களில் 21 சதவீதம் பேர்தான். 2020இல் 72 கல்லூரிகளில் 2,30,000க்கும் அதிகமான வயதுவந்த மாணவர்களை ஆராய்ந்தபோது அந்த இடைவெளி 49க்கு 27 என்று இருந்தது. 12 கிரெடிட்டாவது பெற்றவர்கள் 9 முதல் 14 மாதங்கள் வரை மிச்சப்படுத்தினார்கள். இந்த எண்களை அப்படியே விழுங்கக் கூடாது. கிரெடிட் கேட்டு வருபவர் இயல்பிலேயே ஊக்கமும் விவரமும் உள்ளவராக இருப்பார். அவர் எப்படியும் முடித்திருக்கக் கூடும். தேர்வு, ராணுவம், நிறுவனப் பயிற்சி எல்லா வழிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. அதில் போர்ட்ஃபோலியோ சிறு பகுதியே.

அதைவிடக் கவலை தரும் செய்தி அதே 2020 ஆய்வில் இருக்கிறது. இந்த வாய்ப்பை மொத்தத்தில் ஒன்பதில் ஒருவர் அளவுக்கே பயன்படுத்தியிருந்தார்கள். குறைந்த வருமானத்தாரும் கறுப்பின மாணவர்களும் பயன்படுத்தியது மற்றவர்களைவிடக் குறைவு. யாருக்கு நேரமும் பணமும் மிச்சமாவது மிகவும் தேவையோ அவர்களிடமே அது சேரவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மதிப்பீட்டுக் கட்டணத்தை மாணவர் பொதுவாகத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை வழக்கமாக அதற்கு உதவாது. ஒரு கல்லூரி தந்த போர்ட்ஃபோலியோ கிரெடிட்டை இன்னொரு கல்லூரி ஏற்காமல் போவது சகஜம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து வசப்படாததால் கல்லூரியை விட்டு விலகிப்போனவரிடம், உன் அறிவை இருபது பக்கக் கல்வித்துறைக் கட்டுரையாக எழுதிக் காட்டு என்று கேட்கிறோம்.

எம்பயர் ஸ்டேட் கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றிய எலானா மைக்கேல்சன் இந்தக் குறையை ஆழமாக எழுதியவர். அனுபவத்தைப் பொதுவிதியாகப் பிழிந்தெடுத்தால்தான் அறிவு என்று கல்லூரி பிடிவாதம் பிடிப்பது, உடலாலும் உறவாலும் சூழலாலும் அறிகிற அறிவைத் தள்ளிவைக்கிறது. பெண்களும் உழைக்கும் வர்க்கத்தாரும் அதில் அதிகம் இழக்கிறார்கள் என்பது அவர் வாதம். அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனாலும் பொதுவிதியே வேண்டாம் என்று விட்டுவிட்டால், பூனைக்குப் பட்டம் தருபவரிடமிருந்து நம்மைப் பிரிக்கும் கோடு அழிந்துவிடும். அளவுகோலைத் தளர்த்தாமல் அதை எட்டிப்பிடிக்கும் வழிகளைப் பெருக்க வேண்டும். எழுத்துக்கு மாற்றாக வாய்மொழி நேர்காணல், செய்முறை விளக்கம், பணியிடத்தில் நேரடி மதிப்பீடு ஆகியவை உண்டு. அவை கல்லூரிக்குக் கூடுதல் செலவு வைக்கும் என்பதால்தான் பின்தங்கியிருக்கின்றன.

பிரான்ஸ் இதில் அமெரிக்காவைவிடத் துணிந்தது. 2002 ஜனவரி 17ஆம் நாள் சட்டம், அனுபவவழி அறிவைச் சரிபார்த்துக்கொள்வதைக் குடிமக்களின் உரிமையாக்கியது. முழுப் பட்டயத்தையே அந்த வழியில் பெறலாம் என்றது. விண்ணப்பதாரர் விரிவான தொகுப்பு எழுதி, துறைசார்ந்த தொழில்முறையாளர்களும் இடம்பெறும் நடுவர் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை 2016இல் ஓராண்டாகக் குறைந்து, பின்னர் நீங்கியது. தென்னாப்பிரிக்காவில் இது நீதியின் பிரச்சினையாகவே வந்தது. நிறவெறி ஆட்சி கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பள்ளியை மறுத்து, வேலையை மட்டும் வாங்கிக்கொண்டது. 1995இல் தேசியத் தகுதிச் சட்டகம் அமைந்தபோது, முன்கற்றலை அங்கீகரிப்பதைத் தொழிற்சங்கங்கள் அந்த இழப்புக்கான ஈடாகக் கேட்டன.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியபோது தேறியவர்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளையும். வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற கல்வியை அவர்கள் புதிய பல்கலைக்கழகத்தின் தேர்வில் நிரூபித்தார்கள். மறுபக்கம், பள்ளிப்படிப்பும் முதல் பட்டமும் இல்லாமல் திறந்தநிலைத் திட்டத்தில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அப்படிப் படித்தவர்கள் வேலையிலும் பதவி உயர்விலும் அதன் விளைவை அனுபவித்தார்கள். அவர்களுக்கு அறிவு இருந்ததா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. படிக்கட்டின் வரிசை தப்பியதா என்பதே கேள்வியாக இருந்தது.

இப்போது இந்தியாவில் சட்டகம் மாறிவருகிறது. 2021இல் கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் கல்விசார் கிரெடிட் வங்கியும், 2023இல் தேசியக் கிரெடிட் சட்டகமும் வந்தன. ஆண்டுக்கு 1,200 கற்றல் மணி நேரத்துக்கு 40 கிரெடிட் என்பது அதன் கணக்கு. பணி அனுபவத்துக்கும் அதில் இடம் உண்டு. அனுபவ ஆண்டுகளைப் பொறுத்து, ஒருவர் பெற்ற கிரெடிட்டை அதிகபட்சம் இரண்டு மடங்கு வரை பெருக்கலாம். கதவு திறப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஆண்டுகளை எண்ணிப் பெருக்குவது அனுபவத்துக்குக் கிரெடிட் தருவதே. கேல் முதல் விதியிலேயே விலக்கிய வழி அது. பத்தாண்டு தறியில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் சாயத்தின் வேதியியலைத் தானே கண்டறிந்திருப்பார், மற்றவர் சொன்னதைச் செய்திருப்பார். பெருக்கல் கணக்குக்கு இருவரும் ஒன்றே.

ஆகவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்த ஏற்பாட்டில் இறங்கும்போது சிலவற்றைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் முடித்தவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை எவரும் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் வெளியிட வேண்டும். தொகுப்பு தயாரிக்கக் கற்றுத்தரும் வகுப்பைக் கட்டணமின்றி நடத்த வேண்டும். மதிப்பிடும் ஆசிரியருக்கு அந்த வேலைக்கான நேரத்தையும் ஊதியத்தையும் தனியே ஒதுக்க வேண்டும். எழுத இயலாதவர் தமிழில் பேசியும் செய்து காட்டியும் தன் அறிவை நிரூபிக்க வழி வைக்க வேண்டும். இவற்றுக்குச் செலவாகும். அந்தச் செலவை மாணவர் தலையில் கட்டாமல் அரசு ஏற்க வேண்டும்.